அக்கா என் பேரில் கொடுத்த வாக்கு

1

கல்லுக்கு வாசனை உண்டு. வெயிலில் கிடக்கும்போது அல்ல, மழையில் நனையும்போதும் அல்ல. துளைக்கும்போது. சூடேறிய கல்மாவு, டீசல் புகை, அதன்மேல் தண்ணீர் தெறித்ததும் எழும் ஒரு பச்சை நெடி. ஏப்ரல் மாதக் காலை ஒன்றில், சுவீடனின் மேற்குக் கரையில், கோத்தன்பர்க் நகரத்து விளிம்பில் இருக்கும் என் வீட்டுச் சமையலறை ஜன்னலைத் திறந்தேன். அது உள்ளே வந்து நின்றது. இருபத்திரண்டு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். மீன் சந்தையின் நெடி தெரியும், பனி உருகும் நெடி தெரியும், பேருந்துப் பணிமனையில் நாள் முழுக்க நான் முகரும் கருகிய வயரின் நெடி தெரியும். இது அவற்றில் எதுவும் இல்லை. ஆந்திராவில், சித்தூரிலிருந்து புத்தூர் போகும் சாலையில் பாதி வழியில் இறங்கி, பாறைக் குன்றைச் சுற்றிக்கொண்டு நடந்தால் வரும் எங்கள் ஊரின் நெடி.

பக்கத்து வீட்டு லார்ஷ் தன் தோட்டத்தில் துளை போட்டுக்கொண்டிருந்தார். தண்ணீருக்கு அல்ல. இங்கே பாறைக்குள் குழாயை இறக்கி, பூமிக்குள் இருக்கும் கொஞ்ச நஞ்ச வெப்பத்தை இழுத்து வீட்டைச் சூடாக்கிக்கொள்கிறார்கள். சுற்றுச்சூழலுக்கு நல்லதாம். இருக்கட்டும்.

இரண்டு மாதம் முன்பே நகராட்சியிலிருந்து எனக்குக் கடிதம் வந்திருந்தது. உங்கள் அண்டை வீட்டார் துளை போட விண்ணப்பித்திருக்கிறார். இரண்டு துளைகளுக்கு நடுவே இருபது மீட்டர் வேண்டும். அவருடையது உங்கள் எல்லைக்கு அருகில் வருகிறது. பிற்காலத்தில் நீங்களும் துளைக்க நினைத்தால் உங்களுக்குக் கிடைக்கும் சூடு குறையலாம். உங்கள் கருத்தை மூன்று வாரத்துக்குள் எழுதவும். நானும் என் அரைகுறை சுவீடிஷ் மொழியில் பதில் எழுதினேன். ஒரு பெண் அதிகாரி போன் செய்தார். "உங்களுக்கு எதிரிகள் யாரும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம். துளைக்கு ஆட்சேபம் உண்டா இல்லையா?" இருவரும் சிரித்தோம். இல்லை என்றேன்.

போனை வைத்த பிறகுதான் முகம் சுட்டது. மூன்று வருடம் முன்பு நானும் ஒரு துளை போட்டேன். என் ஊரில், என் அக்காவின் வரப்புக்கு அந்தப் பக்கம். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

2

நைனா, எங்கள் அப்பா, இறந்த பிறகு நிலம் இரண்டாகப் பிரிந்தது. மேற்குப் பாதி எனக்கு, கிழக்குப் பாதி எஸ்தர் அக்காவுக்கு. அக்கா வீட்டுக்காரர், என் மாமா, திருப்பதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேன். சனிக்கிழமை வந்து திங்கள் போவார். உழுவதும் நடுவதும் அக்காதான். என் பாதி முள் முளைத்துக் கிடந்தது. ஐம்பது நெருங்கியபோது எனக்கு ஒரு நோய் பிடித்தது. வெளிநாட்டில் இருக்கும் எல்லோருக்கும் பிடிக்கும் நோய்தான். திரும்பிப் போக மாட்டோம் என்று உறுதியாகத் தெரிந்த பிறகு, திரும்பிப் போவதற்கு ஓர் இடம் கட்டிவைக்கும் நோய்.

எங்களைப் போன்றவர்களுக்காகவே திருப்பதியில் ஓர் ஏஜென்ட் இருந்தார். "நீங்க அங்கயே இருங்க சார், உங்க தோட்டம் இங்க வளரும்" என்றார். நெருக்க நடவில் மாங்கன்று, சொட்டுநீர், சுற்றிலும் வேலி. ஆனால் தண்ணீர் வேண்டுமே. உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு ஒருவர் என் நிலத்தில் நடக்கும் வீடியோ வந்தது. தேங்காய் நிமிர்ந்து நின்ற இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். மறுநாள் துளையிடும் லாரியும் கம்ப்ரசர் லாரியும் வந்தன. துளை ஆயிரம் அடிக்கும் கீழே போனது. வெள்ளை மாவு புகையாக எழுந்து, சேறாகி, சட்டென்று தண்ணீர் பீய்ச்சி அடித்தது. அதை இங்கே போனில் பார்த்துக்கொண்டு நான் சமையலறையில் ஆடினேன். என் மகள் லிடியா அதைப் படம் பிடித்தாள்.

ஊர் வீடியோவின் ஓரத்தில் அக்கா தெரிந்தார். வரப்பில் நின்று வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார். ஆனந்தம் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்வதற்கு ஏழாயிரம் கிலோமீட்டர் தூரம் எவ்வளவு வசதி!

பிறகு போன வருடம் ஏஜென்ட் அழைத்தார். "சார், சொல்றதுக்குக் கஷ்டமா கீது. உங்க அக்காவே உங்க மோட்டாரைப் போட்டுத் தண்ணிய வெளிய உடறாங்க. ஊரே புடிச்சிக்கினு போவுது. கேட்டா, என் தம்பி கெணறுன்றாங்க." நான் பணிமனையில் ஒரு பேருந்துக்கு அடியில் படுத்திருந்தேன். "பூட்டுப் போடுங்க" என்றேன். அக்காவைக் கூப்பிட்டு ஏன் என்று கேட்கவில்லை. அவரும் பூட்டைப் பற்றி என்னிடம் பேசவில்லை. ஞாயிறு தவறாமல் போனில் பேசிக்கொண்டோம், ஆலயத்தில் யார் பிரசங்கம், யாருக்குக் கல்யாணம் என்று.

3

லிடியாவுக்கு வயது இருபது. பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் படிக்கிறாள். லார்ஷ் துளை போட்ட அதே வாரம் மடிக்கணினியோடு வந்து உட்கார்ந்தாள். இயற்கைப் பாதுகாப்பில் விவசாயிகள் எதனால் உந்தப்பட்டுப் பங்கெடுக்கிறார்கள் என்பது அவளுடைய ஆய்வுக் கட்டுரை. வகுப்பில் ஆளுக்கு ஒரு விவசாயியை உலகத்தின் பல மூலைகளிலிருந்து பிடிக்க வேண்டுமாம். அவளுக்குத் தெரிந்த ஒரே விவசாயி அவளுடைய அத்தை. எங்கள் ஊரில் தண்ணீர்க் கட்டுப்பாடு இருப்பதாக ஏதோ ஒரு திட்ட அறிக்கையில் படித்திருந்தாள்.

கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தேன். ஐந்து கட்டங்கள். மானியம். பயிற்சி. விழிப்புணர்வு. சட்டம். சமூக அங்கீகாரம். ஆறாவதாக ‘மற்றவை’, அதற்குப் பக்கத்தில் என் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கோடு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு ஜென்மம் முழுக்க மண்ணைக் கிளறியவளுக்குச் சுண்டுவிரல் நீளம். ஆனாலும் மகள் ஊரைப் பற்றி ஏதோ கேட்கிறாளே என்று அடக்கிக்கொண்டேன். அவளுக்கும் தமிழுக்கும் நடுவே வருடத்துக்கு வருடம் பனி விழுகிறது. நான் மொழிபெயர்ப்பதாக ஏற்பாடு.

வீடியோவில் அக்கா வந்தார். பின்னால் மாட்டுக்கொட்டகை.

"இன்னா பாப்பா, எளச்சிட்டே? அங்க துன்றதுக்கு ஒண்ணும் கெடைக்கலையா?"

லிடியா சிரித்தாள். சுவீடிஷில் முதல் கேள்வியைக் கேட்டாள். நான் தமிழாக்கினேன். "அக்கா, ஊர்ல எல்லாரும் தண்ணிய பங்கு போட்டுக்கறீங்களாமே. புது போர் போடறதில்லன்னு கட்டுப்பாடாமே. அதுல நீ எதுனால சேந்தேன்னு கேக்கறா."

அக்கா கொஞ்சநேரம் என்னையே பார்த்தார். போனில் கண்ணைப் பார்ப்பது நடக்காத காரியம் என்பார்கள். நடந்தது.

"எதுனாலயா? ஒங்கப்பனாலதான் பாப்பா."

லிடியா என் பக்கம் திரும்பினாள். நான் சொன்னேன்: "விழிப்புணர்வு வந்ததாம். படித்தவர்கள் எடுத்துச் சொன்னார்களாம்."

அவள் தட்டச்சு செய்யவில்லை. மெதுவாகத் தமிழிலேயே சொன்னாள். "அப்பா. அத்தை ‘உங்கப்பன்’னு சொன்னாங்க. அது எனக்குப் புரியும்."

போனை என் கையிலிருந்து வாங்கித் தன் பக்கம் நிறுத்திக்கொண்டாள். "அத்தை, மெதுவா சொல்லுங்க. சின்ன வார்த்தை போடுங்க."

அக்கா சின்ன வார்த்தைகளாகவே போட்டார்.

4

என் துளையில் தண்ணீர் வந்த மூன்றாம் வாரம் அக்காவின் ஆழ்துளைக் கிணற்றில் மோட்டார் காற்றைக் குடித்தது. அடுத்து, அவருக்குக் கிழக்கே முனிரத்தினத்தினுடையது. முனிரத்தினம் என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவன். வீட்டில் தெலுங்கு, எங்களோடு தமிழ், கோபம் வந்தால் இரண்டும். வேர்க்கடலைச் செடியில் விழுது மண்ணுக்குள் இறங்கும் நேரம். ஒரு நனைப்பு போதும், ஒன்றே ஒன்று. கிடைக்கவில்லை. பிறகு அவன் மாமரம் பிஞ்சை உதிர்த்தது.

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகையை மாங்காய் இறங்கும் மாதத்தில்தான் வைப்பார்கள். விளைந்ததில் முதல் பங்கை ஆலயத்துக்குக் கொண்டுபோய்ப் பீடத்தின் முன் வைக்க வேண்டும். முனிரத்தினம் வீட்டார் கங்கம்மாவைக் கும்பிடுகிறவர்கள். ஆனால் எங்கள் நைனா காலத்திலிருந்து அந்தப் பண்டிகைக்கு அவர்கள் வீட்டிலிருந்து ஒரு கூடை மாங்காய் எங்கள் வீடு வழியாக ஆலயத்துக்குப் போகும். கங்கம்மா ஜாத்திரைக்குக் கூழ் ஊற்ற எங்கள் வீட்டிலிருந்து கேழ்வரகு அவர்களுக்குப் போகும். இது ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

அந்த வருடமும் கூடை வந்தது. மேலே துண்டு போட்டு மூடி முனிரத்தினமே தூக்கிக்கொண்டு வந்தான். அக்கா துண்டை விலக்கினார். உள்ளே ஒன்றும் இல்லை.

"உன் தம்பி தோட்டத்துல தண்ணி ஜாஸ்தி கீதே. அங்க பறிச்சி ரொப்பிக்கோ எஸ்தரம்மா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வேறு யாராக இருந்தாலும் கூடையை மாட்டுக்கொட்டகையில் வீசியிருப்பார்கள். அக்கா அதைத் தலையில் வைத்துக்கொண்டு ஆலயத்துக்குப் போனார். பூசணி, கேழ்வரகு, கோழி, மாங்காய்க் குவியல், நடுவில் அந்தக் காலிக்கூடை. சபைப் போதகர் ஐயர் ஜெபம் செய்ய வந்தவர் அதைப் பார்த்து, "இது யாருதும்மா?" என்று கேட்டிருக்கிறார்.

"என் தம்பிது, ஐயரே" என்றாராம் அக்கா.

ஆராதனை முடிந்து நேராக முனிரத்தினம் வீட்டு வாசல். ஊரில் நிலம் வைத்திருக்கும் பதின்மூன்று வீட்டாரையும் அங்கே வரவழைத்தார். தண்ணீரைப் பங்குபோடும் ஒப்பந்தம் அதற்கு முன்பும் ஊரில் ஒருமுறை நடந்ததுதான். திட்டக்காரர்கள் ஜீப்பில் வந்து, பிரியாணிப் பொட்டலம் கொடுத்து, கையெழுத்து வாங்கி, போர்டு நட்டு, படம் பிடித்துக்கொண்டு போனார்கள். போர்டு இருக்கும்போதே இரண்டு பேர் புது போர் போட்டார்கள். இந்த முறை ஜீப் இல்லை, பொட்டலம் இல்லை. தண்ணீர் இருக்கிறவன் இல்லாதவன் பயிருக்கு ஒரு நனைப்பாவது கொடுக்க வேண்டும். கரும்பும் நெல்லும் கிடையாது. புதுத் துளை கிடையாது. எல்லாக் கிணற்றையும் ஒரே குழாயில் சேர்க்க வேண்டும்.

"மொதல்ல யாரு கெணறு?" என்று ஒருவர் கேட்டார்.

"என் தம்பிது சேரும். அதுக்கு நான் பொறுப்பு" என்றார் அக்கா. ஊர் நடுவில், என் பேரில், என்னைக் கேட்காமல். மோட்டாரைப் போட்டார். அந்தத் தண்ணீரைப் பார்த்துத்தான் மற்றவர்களும் தங்கள் வால்வைத் திறந்தார்கள்.

அதன்மேல்தான் நான் பூட்டுப் போட்டேன்.

"ஏன் அத்தை? ஏன் அப்படிச் செஞ்சீங்க?" லிடியா விடவில்லை. அவளுக்கு அந்த ‘மற்றவை’ கோட்டை நிரப்ப வேண்டும்.

"காலைல எழுந்தா முனிரத்தினம் மூஞ்சிலதான் முழிக்கணும் கண்ணு. கடைக்குப் போனா அவன் பொண்டாட்டி. பஸ்ஸுல அவன் தங்கச்சி. எங்க போய் மூஞ்சிய வச்சிக்குவேன்? ஒங்கப்பனுக்கு அந்தத் தொல்லை இல்ல. அங்க யார் மூஞ்சில முழிக்கப் போறான்?"

5

லிடியா எந்தக் கட்டத்தில் குறியிட்டாள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க எனக்குள் ஒரு கத்தல்.

விவசாயியை எது உந்துகிறது, எது உந்துகிறது என்று எத்தனை கூட்டம், எத்தனை அறிக்கை, எத்தனை குளிரூட்டிய அறை! கேட்பவனுக்கு வெட்கம் வேண்டாமா? நாலு பேர் கண்ணில் பட்டுக்கொண்டே வாழ வேண்டியவனுக்கு நீ என்ன உந்துதல் கொடுப்பாய்? அந்தக் கண்களை விட்டு வெகுதூரம் போய் உட்கார்ந்துகொண்டு பூமியில் ஓட்டை போடுகிறானே, அவனைக் கேள். அவனுக்கு ஐந்து கட்டம் அச்சடி. ஆசை. அறியாமை. ஏக்கம். தூரம். கேட்க ஆளில்லை என்ற தைரியம். நான் ஐந்திலும் குறியிடுகிறேன். தூரத்தில் இருப்பவன்தான் ஆழமாகத் துளைக்கிறான்.

இந்த ஊரில் ஒருவன் வீட்டுச் சூடு குறையக்கூடும் என்பதற்கு மூன்று வாரம் அவகாசம் கொடுத்துக் கடிதம் போடுகிறார்கள். நானும் அதைப் பெருமையாகப் பணிமனையில் சொல்லித் திரிந்தேன், பாருங்கள் எப்பேர்ப்பட்ட நாட்டில் இருக்கிறேன் என்று. எங்கள் ஊரிலும் அந்தக் கடிதம் இருந்தது. கூடையாகப் போய்க்கொண்டும் கேழ்வரகாக வந்துகொண்டும் இருந்தது. எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

6

ஜூன் மாதம் கிளம்பினேன். சித்தூர் சாலையில் மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் மாங்கூழ் ஆலை வாசலில் வரிசையாக நின்றன. காய் வெயிலில் வெந்துகொண்டிருந்தது. டிராக்டரின் அடியில் நிழலில் படுத்திருந்தார்கள் அதை விளைவித்தவர்கள்.

ஏஜென்ட்டிடம் சாவியை வாங்கி, ஊருக்கு எழுதிக் கொடுத்துவிடலாம் என்று ஊர் அரசு அலுவலகமான கிராம சச்சிவாலயத்துக்குப் போனேன். என் கிணற்றைப் பொதுவில் சேர்க்க ஒரு விண்ணப்பம், அவ்வளவுதான். பெண் ஊழியர் கணினியைத் தட்டினார். "ஓடிபி வந்திருக்கும் சார், சொல்லுங்க." ஓடிபி நான் பத்து வருடம் முன்பு விட்டுவிட்டுப் போன எண்ணுக்குப் போயிருந்தது. அந்த எண்ணில் இப்போது சூளூர்பேட்டையில் ஒரு மீன் வியாபாரி இருக்கிறார். கூப்பிட்டுக் கெஞ்சினேன். "ஓடிபி சொன்னா என் அக்கவுண்டு காலியாயிடும், நான் சொல்ல மாட்டேன்" என்று வைத்துவிட்டார். நியாயமான மனிதர். தாசில்தார் இருக்கும் மண்டலாபீஸுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே, கிணற்றைத் தானம் கொடுக்க ஃபாரம் இல்லை, தகராறு என்றால் ஃபாரம் உண்டு என்றார்கள். கத்தினேன். சுவீடிஷில் கத்தினேன் என்று, லீவு போட்டு உடன் வந்த மாமா பிறகு சொன்னார்.

அக்கா வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். "காகிதத்த உடு. எந்தக் காகிதத்த வச்சிக்கினு நாங்க ஒண்ணு சேந்தோம்? எல்லாரும் இருக்கறப்ப வந்து வாயால சொல்லு. அது போதும்."

அதுதான் பயமாக இருந்தது.

முனிரத்தினம் வீட்டு வாசலில் பதின்மூன்று வீட்டாரும் வந்திருந்தார்கள். எனக்கு நாற்காலி போட்டார்கள். அவர்கள் தரையில். நாற்காலியிலிருந்து இறங்கப் போனேன்.

"கூசோரா, கூசோ" என்று தெலுங்கில் உட்காரச் சொன்னான் முனிரத்தினம். "ஃபாரின்காரனுக்கு முட்டி மடங்காது."

எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்து நின்று சொன்னேன். பூட்டுப் போடச் சொன்னது நான்தான், அக்கா எடுத்தது திருட்டு இல்லை, அக்கா சொன்ன வாக்கு என் வாக்கு. யாரும் பரவாயில்லை என்று சொல்லவில்லை. எனக்கு அது எரிச்சலாகக்கூட இருந்தது. இவ்வளவு தூரம் வந்திருக்கிறேனே!

"சரி, சேந்துட்ட. கட்டுப்பாடு உனக்கும் உண்டு" என்றான் முனிரத்தினம். "உன் தோட்டத்துல ஒரு மரம் நிக்கற எடத்துல நாலு கன்னு நட்டு வச்சிகீறே. அத்தனைக்கும் இந்த மண்ணுல தண்ணி லேது. பாதிய புடுங்கணும்."

"மூணு வருஷக் கன்னுடா."

"பிஞ்சு கொட்டுன என் மரத்துக்கு முப்பது வருஷம்."

அக்காவைப் பார்த்தேன். எனக்காக ஒரு வார்த்தை சொல்வார் என்று. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "மத்தவங்க பேசட்டும், நான் அவன் அக்கா" என்றார். கை தூக்கச் சொன்னார்கள். பதின்மூன்றில் பன்னிரண்டு கை. கடைசியாக அக்காவும் தூக்கினார்.

மறுநாள் காலை கடப்பாரையோடு போனேன். முனிரத்தினமும் வந்தான், கூப்பிடாமல். வரிசை விட்டு வரிசை. வேரோடு வரும்போது ஒவ்வொன்றும் ஒரு சின்ன முறிவுச் சத்தம் போட்டது. நான் அழுதேனா, வெயிலா, தெரியாது. பத்தாவது கன்றில் அவன் கடப்பாரையை வாங்கிக்கொண்டான்.

"ஒரேய் சாமுவேலு, பஸ் ரிப்பேர் பண்ற கைடா இது. எட்டப் போய் நில்லு, மிச்சத்தையும் ஒடச்சிடுவ."

மதியம் பொதுக் குழாயில் என் கிணற்றுத் தண்ணீர் போனது. அவனுடைய வேர்க்கடலைக்குத்தான் முதல் முறை. மண் அதைக் குடிக்கும் சத்தம் கேட்டது. நன்றி என்று அவன் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை என்று எழுத ஆசைதான். எதிர்பார்த்தேன்.

7

ரேணிகுண்டா விமான நிலையத்துக்கு அக்கா மட்டும் வந்தார். வழியெல்லாம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். மொட்டை அடித்த குடும்பங்கள் லட்டுப் பையோடு எங்களைத் தாண்டி உள்ளே போயின. போலீஸ்காரர் என் டிக்கெட்டைப் பார்த்தார். இதற்குமேல் அக்கா வர முடியாது.

இரண்டு வாரமாகத் தொண்டையில் இருந்ததை அப்போதுதான் கேட்டேன்.

"உன் கெணறு காஞ்ச அன்னிக்கே சொல்லி இருக்கலாமேக்கா. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் பேசினோமே. ஏன் சொல்லல?"

என் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த எதையோ தட்டிவிட்டார். பின்னால் நிற்பவர்கள் முனகத் தொடங்கினார்கள்.

"சொல்லி இருந்தா நீ துட்டு அனுப்பி இருப்ப, வந்து நின்னிருக்க மாட்ட, சாமு. உள்ள போ."